பிழைதிருத்தம்

முதலில் மண்டையோடு கேட்டார்கள்.
போட்டுக் கொடுத்தேன்.
கறுப்பில் சிவப்பு, இரத்தம் சொட்டும் எழுத்து,
குறுக்கே ஒரு ஊசி, அடியில் ஐந்து இலச்சினை.
எந்த இலச்சினை முதலில் வருவது என்று
கச்சேரியில் ஒரு மணித்தியாலம் கூட்டம்.
பற்றீஸ் ஆறிப்போனது.

ஐந்நூறு பிரதி.
பஸ் நிலையச் சுவரில் ஒட்டிவிட்டு அனஸ்
வாளியைக் கழுவவில்லை, மான்கள் வந்துவிட்டன.
இந்த ஊர் மான்களுக்குக் கோதுமைமாப் பசை என்றால் உயிர்.
தாடையெலும்பில் தொடங்கி
அழிவு, மரணம், சிறை எல்லாவற்றையும் மென்று முடித்து
'போதை' என்ற சொல்லை மட்டும்
சுவரில் விட்டுவைத்தன.
தூரத்தில் பார்த்தால்
கடைப் பெயர்ப்பலகை மாதிரி.

மிச்சத்தில் ஒன்று கேட்டு
அச்சகத்துக்கே வந்தான் ஓட்டோ ஜெனோஷன்.
"அக்கா, அந்த மண்டை கெத்து.
பின்கண்ணாடிக்கு ஒட்டப்போறன்."
கீழே இருக்கிற எழுத்து?
"அதை வெட்டிப்போட்டுத்தான்."

இரண்டாம் வடிவம்:
குழி விழுந்த கண், கறுத்த பல், எலும்பான கை.
இணையத்தில் எடுத்த வெள்ளைக்காரன் ஒருவனை
நிறம் மாற்றி நம்மவனாக்கினேன்.
கலியாணக் கார்ட் எடுக்க வந்த றெஜினா
கணினித் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.
பாலையூற்றுக்காரி, அளந்துதான் பேசுவாள்.

"இந்தக் கண்ணை எடுங்கோ.
என்ரை தம்பிக்கு இப்பிடிக் கண் இருக்கேல்லை.
ஐஸ் தொடங்கின வருசம்தான்
அவன் நல்ல வடிவாயிருந்தவன்.
விடிய நாலு மணிக்கு எழும்பி
கிணத்தடி முழுக்கக் கழுவி விடுவான்.
திருந்திட்டான் எண்டு
அம்மா மெழுகுதிரி கொளுத்தினவ.
உங்கடை நோட்டீசில இருக்கிற ஆளைத்தான்
நாங்கள் வீதியில தேடிக்கொண்டிருந்தம்.
அவன் வீட்டுக்குள்ள இருந்தான்."

கார்ட்டை எண்ணி எடுத்துக்கொண்டு போனாள்.
நான் அந்தக் கண்ணை அழித்தேன்.
பிறகு பல்லை.
பிறகு முகம் முழுவதையும்.

வெள்ளைத் தாளில் மிஞ்சியது
ஒரு தொலைபேசி இலக்கம்.

புரூஃப் பார்ப்பவளுக்கு ஒரு பழக்கம்,
இலக்கம் என்றால் அடித்துப் பார்க்க வேண்டும்.
இரவு பதினொன்றரைக்கு அடித்தேன்.
உட்துறைமுக வீதிப் பக்கம்
பூட்டிய அறையொன்றில் அது அடித்துக்கொண்டே இருந்தது.
இருபத்திரண்டு தரம் எண்ணினேன்.
மறுநாள் காலை ஒருவர் எடுத்தார்:
எட்டரையிலிருந்து நாலேகால்.
சனி, ஞாயிறு, போயா இல்லை.

நடுங்குகிறவனுக்கு
எத்தனை மணிக்கு நடுக்கம் வரும் என்று
ஐந்து இலச்சினையில் ஒன்றும் கேட்டதில்லை.

மூன்றாம் வடிவத்தில் இலக்கத்தையும் எடுத்துவிட்டு
வெறும் பெட்டி ஒன்று கீறி அனுப்பினேன்,
பென்சில் குறிப்போடு:
'இவ்விடத்துக்கு ஆள் தேவை.'
அதிகாரி பதில் எழுதினார்:
'எழுத்தின் அளவைக் கூட்டவும்.'

கூட்டவில்லை.
றெஜினாவுக்குச் சொன்னேன். யோசித்தாள்.
"செவ்வாயும் வெள்ளியும் ஏலும்.
மற்ற நாளில எனக்கு வேலை முறை."
சரி, அதையே போடுவோம்.

இலச்சினை இல்லை. காசு என்னுடையது, அறுபது பிரதி.
*வீட்டில ஒருத்தர் நித்திரையில்லாமல் இருக்கிறாரா?*
*அது நீங்களா?*
*செவ்வாய், வெள்ளி. இரவு ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை.*
*றெஜினா எடுப்பா. பேர் சொல்லத் தேவையில்லை.*
அடியில் இலக்கத்தைப் பத்து வாலாக வெட்டி,
கிழித்துக்கொண்டு போகத் தோதாக.

சுவரில் ஒட்டவில்லை.
பஸ் நிலைய மலசலகூடக் கதவுகளின் உட்புறம்,
குந்தியிருப்பவனின் கண் மட்டத்துக்கு.
அனஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒட்டினான்.

புதன்கிழமை போய்ப் பார்த்தோம்.
மூன்றாம் கதவில் கெட்ட வார்த்தை எழுதியிருந்தது.
ஐந்தாம் கதவில்
நாலு வால் இல்லை.

அங்கே
மான்கள் வருவதில்லை.